உரிமையும் கடமையும் நெறியும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்துட் கூறப்பட்ட குடிமக்கள் உரிமைகளும், அரசினர் மேற்கொள்ள வேண்டிய நெறிமுறைகளும், குடிமக்கள் கடமைகளுமாம். இப்பொருள் வழக்கறிஞர்க்கன்றோ உரியது, தமிழ்ப் பாடஞ் சொல்வார்க்கு இதன்கண் யாது தொடர்பு என்று சிலர் கருதுதல் கூடும். சட்டத்தை எடுத்து மன்றத்தில் வாதித்தல் வழக்கறிஞர் தொழில். அதன் பொருளை உணர்ந்து அதன்வழி ஒழுகுதல் குடிமக்கள் அனைவர்க்கும் உரிய தொழில். அன்றியும், உரிமை, நெறி, கடமை என்னும் இம்மூன்றும் ஒருங்கு கூடி நிற்கும் இடம் யாதென ஆராயின், அது வழக்குமன்றம் அன்று, பள்ளிக்கூடமே என்பது எமது துணிபு. அதனை இன்று உங்கள்முன் விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்பொருளை நோக்குவோம். உரிமை என்பது ஒருவனுக்கு உரியதாந் தன்மை. பிறர் இரங்கிக் கொடுப்பது ஈகை. தனக்கு உள்ளதைத் தான் பெறுவது உரிமை. கடமை என்பது கடன் என்னுஞ் சொல்லோடு ஒருவழிப் பிறந்தது. செலுத்தித் தீர்க்க வேண்டுவது என்பது அதன் கருத்து. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் கடமை என்னுஞ் சொல் குடிகள் அரசனுக்கு இறுக்கும் வரியைக் குறித்து வழங்குதலைக் காணலாம். எனவே, அக்காலத்துக் கடமை குடிகளிடமிருந்து அரசனிடம் செல்வதொன்றாக இருந்தது என்க.

1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியமைத்தது. அச்சட்டத்தின் மூன்றாம் பகுதியில் மக்களின் உரிமைகள் கூறப்பட்டன. நான்காம் பகுதியில் அரசினர்க்குரிய நெறிமுறைகள் கூறப்பட்டன. அந்நெறிமுறைகளைச் சட்டம் இயற்றுங்கால் மேற்கொள்ளுதல் அரசின் கடமை என்று 37-ஆம் பிரிவு கூறுகின்றது. குடிமக்களின் கடமைகளோ அன்று சட்டத்துள் வரிசையாக எழுதப்படவில்லை. 1976-ஆம் ஆண்டு இயற்றிய 42-ஆவது திருத்தத்தாலேதான் அவை சேர்க்கப்பட்டன. ஆகவே, முதலில் கடமை ஏற்றது அரசு. பின்னர் ஏற்றவர் குடிமக்கள். இம்முறைவைப்பை நாம் நன்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, உரிமைகளைக் காண்போம். சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்பது 14-ஆம் பிரிவு. சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பனபற்றி வேறுபாடு காட்டலாகாது என்பது 15-ஆம் பிரிவு. தீண்டாமையை ஒழித்தது 17-ஆம் பிரிவு. பேசவும், கூடவும், சங்கம் அமைக்கவும், நாடெங்கும் சென்று வாழவும், தொழில் செய்யவும் உரிமை தந்தது 19-ஆம் பிரிவு. இன்று நாம் சங்கமாகக் கூடியிருப்பதும் இப்பிரிவின் பயனே என்பதை மறத்தலாகாது. உயிருக்கும் உடலுரிமைக்கும் காவலாவது 21-ஆம் பிரிவு. இவ்வுரிமைகளுள் ஒன்று பறிக்கப்படின், நேரே உச்ச நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டலாம் என்பது 32-ஆம் பிரிவு. இப்பிரிவையே சட்டத்தின் உயிர்நிலையாகக் கொண்டார் டாக்டர் அம்பேத்கர்.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். உரிமைகள் யாவும் அரசினரைக் கட்டுப்படுத்துவன, நம்மைக் கட்டுப்படுத்துவன அல்ல என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது முழுதும் பொருந்தாது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் எவரையும் சாதிபற்றித் தடுத்தலாகாது. பொதுமக்கள் பயன்பாட்டுக்கென விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றிலும் தடுத்தலாகாது என்று 15-ஆம் பிரிவின் இரண்டாங் கூறு விதிக்கின்றது. 17-ஆம் பிரிவும், மக்களை வற்புறுத்தி வேலை வாங்குதலைத் தடுக்கும் 23-ஆம் பிரிவும், 14 வயதிற்குட்பட்ட சிறுவரைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் இடர் மிகுந்த வேலையிலும் அமர்த்துதலைத் தடுக்கும் 24-ஆம் பிரிவும் அத்தகையனவே. இவை அரசினரை நோக்கி மட்டும் எழுதப்பட்டனவல்ல. கடை நடத்துவாரையும், பட்டறை நடத்துவாரையும், ஊரில் செல்வாக்குடையாரையும் நோக்கி எழுதப்பட்டன. அஃதாவது, நம்மையும் நோக்கி எழுதப்பட்டன. ஒருவனது உரிமை மற்றொருவன் வாயிலிற் கடமையாய் வந்து நிற்கும் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. நெறிமுறைகளைப்பற்றிச் சிறிது கூறுவோம். 36 முதல் 51 வரையுள்ள பிரிவுகள் அவற்றைக் கூறுவன. 1937-ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியல் சட்டத்தைப் பின்பற்றி இப்பகுதி அமைந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம், ஊராட்சி மன்றங்களை அமைத்தல், தொழிலாளர் வாழ்தற்கேற்ற கூலி, நலிந்த பிரிவினரின் கல்வி, பொருள் நலங்களைப் பேணுதல், மக்களின் உணவு நிலையையும் உடல்நலத்தையும் உயர்த்துதல், மதுவிலக்கு, நீதித்துறையை ஆட்சித்துறையினின்றும் பிரித்தல் என்னும் இவைபோல்வன அந்நெறிகள்.

இந்நெறிகளை நிறைவேற்றவில்லை என்று கூறி எவரும் வழக்குமன்றம் ஏறுதல் இயலாது. 37-ஆம் பிரிவே அதனைத் தடுத்துள்ளது. அற்றேல், இவற்றாற் பயன் என்னை? இவ்வினாவை அரசியல் நிர்ணய சபையிலேயே சிலர் எழுப்பினர். கையில் பணம் இருக்கும்போது தருவோம் என்று வங்கி எழுதிக்கொடுத்த காசோலை போன்றது இது என்னுங் கருத்துப்படப் பேசினார் பேராசிரியர் கே. டி. ஷா. ஆட்சிக்கு வருவோர் இந்நெறிகளைப் புறக்கணித்தால், வழக்குமன்றத்தில் விடை கூற வேண்டாவிடினும், தேர்தற்காலத்தில் மக்கள்முன் விடை கூறியே தீரவேண்டும் என்னுங் கருத்துப்பட விளக்கினார் டாக்டர் அம்பேத்கர். இவ்விருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கேட்பார் இல்லாவிடின் அது மாறாத காசோலையே. மக்கள் விழிப்புடன் கேட்பின் அது மாறும். கேட்பவர் எவர் என்பதே வினா.

உரிமையும் நெறியும் ஒன்றோடொன்று மாறுபட்டால் எது வெல்லும் என்னும் வழக்கு முதன்முதல் நம் சென்னை மாகாணத்திலிருந்தே எழுந்தது. மருத்துவக் கல்லூரியிலும் பொறியியற் கல்லூரியிலும் சமூகவாரியாக இடம் பகுத்த சென்னை அரசின் ஆணை செல்லாது என்று, செண்பகம் துரைராசன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நலிந்த பிரிவினரைப் பேணுக என்னும் 46-ஆம் பிரிவின் நெறியை அரசினர் எடுத்துக்காட்டினர். உரிமைக்கு நெறி அடங்கி நடத்தல் வேண்டும் என்றது மன்றம். அவ்வாண்டிலேயே முதலாவது திருத்தம் இயற்றப்பட்டு, கல்வியிற் பின்தங்கிய வகுப்பினர்க்குத் தனியேற்பாடு செய்ய இடந்தரும் கூறு 15-ஆம் பிரிவிற் சேர்க்கப்பட்டது. பின்னர் 1980-இல் மினர்வா ஆலை வழக்கில், மூன்றாம் பகுதியும் நான்காம் பகுதியும் ஒத்து நிற்கும் சமநிலையே இச்சட்டத்தின் அடிப்படை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. ஒன்றை வெட்டி மற்றொன்றை வளர்த்தல் ஆகாது என்பதே அதன் கருத்து.

இனி, எமது துணிபை நிறுவுதற்குரிய எடுத்துக்காட்டிற்கு வருவோம். அது குழந்தைகளின் கல்வி.

திருவள்ளுவனார் பொருட்பாலில் இறைமாட்சி கூறிய பின்னர் அடுத்த அதிகாரமாகவே கல்வியை வைத்தார். அரசனையும் கல்வியையும் அவர் அவ்வாறு அடுத்து வைத்தது கருதத்தக்கது. ஆயினும், எல்லாக் குழந்தைகட்கும் கல்வி தருதல் அரசின் பொறுப்பு என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்ற நெடுங்காலம் ஆயிற்று. பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் தம் நாட்டில் 1906-இல் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். அதனைப் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலும் பரப்பக் கருதிக் கோபால கிருஷ்ண கோகலே 1911-இல் சட்டசபையில் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். மறு ஆண்டு அது தோற்றது. ஆதரித்தோர் 13 பேர், எதிர்த்தோர் 38 பேர். கல்வி எல்லார்க்கும் வேண்டும் என்பதே அன்று வாதத்திற்குரிய பொருளாக இருந்தது. 1931-இல் கராச்சியிற் கூடிய காங்கிரஸ் மகாநாடு இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியைத் தன் தீர்மானத்திற் சேர்த்தது.

அரசியல் நிர்ணய சபையில் இதனை உரிமைகளோடு வைப்பதா, நெறிமுறைகளோடு வைப்பதா என்னும் ஆராய்ச்சி எழுந்தது. முடிவில் நெறிமுறைகளோடு வைத்தனர். 1948 நவம்பர் 23-இல் இப்பிரிவு விவாதத்திற்கு வந்தபோது, தொடக்கக் கல்வி அளவில் நிறுத்தினாற் போதும் என்று உறுப்பினர் ஒருவர் திருத்தங் கூறினார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. 14 வயதிற்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைத்தலாகாது என்று மற்றொரு பிரிவில் விதித்துவிட்டோம். வேலைக்குச் செல்லாத குழந்தை பள்ளியில் இருத்தல் வேண்டுமன்றோ. ஆகவே 14 வயதளவும் கல்வி வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். நாற்பத்தைந்தாம் பிரிவும் இருபத்துநான்காம் பிரிவும் இங்ஙனம் இரட்டையாகப் பிறந்தவை. ஒன்று குழந்தையைப் பட்டறையினின்றும் விலக்குகின்றது. மற்றொன்று அதனைப் பள்ளிக்குள் அழைக்கின்றது.

நெறிமுறைகளுள் காலவரையறை பெற்றது இஃதொன்றே. பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரையுள்ள அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலுதல் வேண்டும் என்று எழுதினர். 1951-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் எழுதப் படிக்க அறிந்தோர் 100-க்கு ஏறத்தாழ 18 பேரே. பத்தாண்டு கழிந்தது, 1960-ஆம் ஆண்டும் சென்றது, நெறி நிறைவேறவில்லை. எனினும், நெறியை மதித்து உழைத்தாரும் உளர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காமராசர் காலத்தில், 1956-இல், பள்ளிகளில் மதிய உணவு அளிக்கும் திட்டம் நம் மாகாணத்தில் தொடங்கப்பெற்றது. பசித்த வயிறு பாடம் கேளாது என்னும் உண்மையை உணர்ந்து செய்த செயல் அது. சென்னை மாநகராட்சி 1920-இலேயே ஆயிரம்விளக்குப் பள்ளியில் இதனைச் செய்து காட்டியிருந்தது. 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. வழக்குமன்றம் ஆணையிட்டுச் செய்தன அல்ல இவை. நெறியை உள்ளத்திற் கொண்டு செய்தன. 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் பள்ளிகளிற் சமைத்த உணவு அளிக்குமாறு ஆணையிட்டபோது, நம் மாநிலம் அதனைச் செய்து பல்லாண்டு ஆகியிருந்தது.

இங்ஙனம் ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் கல்வி நெறியாகவே நின்றது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமையினின்றே 14 வயதளவும் கல்வி பெறும் உரிமை பிறக்கின்றது என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2002-இல் 86-ஆவது திருத்தம் இயற்றப்பட்டது. இத்திருத்தத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அஃது ஒரே காலத்தில் சட்டத்தின் மூன்று இடங்களிற் கைவைத்தது. உரிமைப் பகுதியில், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகட்கு இலவசக் கட்டாயக் கல்வி என்னும் 21-அ பிரிவைச் சேர்த்தது. நெறிமுறைப் பகுதியில், 45-ஆம் பிரிவை மாற்றி, 6 வயது நிரம்புங்காறும் குழந்தைகளின் பேணுகையையும் முன்பருவக் கல்வியையும் அரசு கவனிக்க வேண்டும் என்றது. கடமைப் பகுதியில், தம் குழந்தைக்குக் கல்வி பெறும் வாய்ப்பளித்தல் பெற்றோர் கடமை என்று பதினோராவது கடமையாக எழுதிற்று. உரிமை, நெறி, கடமை மூன்றும் ஒரு குழந்தையைச் சூழ நிற்கின்றன என்று யாம் தொடக்கத்திற் கூறியது இதுபற்றியே. உரிமை குழந்தையினுடையது; நெறி அரசினுடையது; கடமை நம்முடையது.

இதனை நடைமுறைப்படுத்த 2009-இல் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம் 2010-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்கண் பெற்றோர் அறியவேண்டுவன சில கூறுவோம். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று காட்டிக் குழந்தையைச் சேர்க்க மறுத்தலாகாது. இடையே படிப்பை விட்ட குழந்தையை அதன் வயதிற்கேற்ற வகுப்பிற் சேர்த்தல் வேண்டும். பிறரோடு ஒத்து வருதற்குத் தனிப்பயிற்சியும் தருதல் வேண்டும். குழந்தையை அடித்தலும் மனம் நோகச் செய்தலும் கூடா. அரசுப் பள்ளிகளிலும் அரசுதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று கூறினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும். இக்குழுவில் ஒருவராய் அமர்ந்து, பள்ளிக்கு ஆசிரியர் போதுமா, நீரும் கழிப்பிடமும் உளவா என்று கேட்டல் பெற்றோர்க்குச் சட்டம் தந்த இடம். நம் ஊர்களில் அவ்விடம் வெறிதே கிடத்தலைக் காண்கின்றோம். கேட்பவர் எவர் என்று முன்னர் எழுந்த வினாவிற்கு விடை இதுவே: கேட்க வேண்டியவர் நாம்.

கடமைகளைப்பற்றி ஒரு வினா எழும். அவற்றைச் செய்யாதார்க்குத் தண்டம் உண்டோ எனின், 51-அ பிரிவு தண்டம் எதனையுங் கூறவில்லை. கல்வி உரிமைச் சட்டமும் குழந்தையைப் பள்ளியிற் சேர்க்காத பெற்றோர்க்குத் தண்டம் விதிக்கவில்லை. அதுகொண்டு இக்கடமை வலியற்றது எனல் தகாது. தாய் தன் மகவுக்குப் பாலூட்டுதல் தண்டத்திற்கு அஞ்சியோ? நாம் நம் மனச்சான்றுக்கும், நம்மைச் சூழ்ந்தார்க்கும் கடன்பட்டோம். தண்டம் இல்லாத கடமையைக் காத்தற்கு ஊரும் உறவும் சங்கமும் வேண்டும். சங்கம் ஏற்பட்டதன் பயனும் அதுவே.

யாம் ஆசிரியத் தொழிலில் ஆண்டுதோறும் காணும் ஒன்றை ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்த நாளில் வருகைப் பதிவேட்டைப் படிக்குங்கால், விடை வாராத பெயர்கள் சில இருக்கும். எட்டாம் வகுப்பு வரையில் வீடு தேடிச் சென்று அழைத்துவர வழியுண்டு. சட்டமும் துணை நிற்கும். ஒன்பதாம் வகுப்பிலோ, பையன் கடையில் நிற்கின்றான் என்பர். பெண்ணுக்கு வரன் பார்க்கின்றோம் என்பர். 14 வயதோடு 21-அ பிரிவின் எல்லை முடிகின்றது. அவ்வெல்லைக்கு அப்பால் அக்குழந்தைக்குத் துணையாவது பெற்றோர் உள்ளமும் ஊரார் உதவியுமே. சட்டத்தின் கை நிற்குமிடத்தில் நம் கை தொடங்குதல் வேண்டும். அன்றியும், பெண்ணுக்கு 18 வயது நிரம்பாமுன் மணஞ்செய்தலை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது என்பதையும் தாய்மார்கள் நினைவிற் கொள்ளல் நன்று.

வேலைக்கு அமர்த்துவோர்க்கும் ஒன்று கூறுவோம். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட சிறுவர்பற்றி வந்த வழக்கில், 1996 டிசம்பரில், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு முதலாளிகளுக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 14 வயதிற்குட்பட்டாரை எத்தொழிலிலும் அமர்த்துதல் குற்றம். பள்ளி நேரம் கழிந்தபின் தம் குடும்பத் தொழிலில் உதவுதல் முதலிய சிலவே விலக்கு. 14 முதல் 18 வயது வரையுள்ளாரை இடர் மிகுந்த தொழிலில் அமர்த்துதலும் தடுக்கப்பட்டது. உறவினர் பிள்ளை, ஏழைப் பிள்ளை, நம்மை நாடி வந்தான், சோறு போட்டு வைத்திருக்கின்றோம் என்று கூறுதல் இரக்கம் போலத் தோன்றும். அவன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு சோற்றை வைத்தல் இரக்கம் ஆகாது.

மற்றும் ஒன்று. நம் மரபினர் நலம் நாடுதல் நம் சங்கத்தின் நோக்கம். அதிற் குறையொன்றும் இல்லை. ஆயினும், நம் பிள்ளைகளின் உரிமைக்கு ஆதாரமாகிய அதே சட்டம், நம் தெருவிற்கு அப்பால் உள்ள பிள்ளைகட்கும் அதே உரிமையைத் தந்திருக்கின்றது. நம் பிள்ளைக்கு இடம் வேண்டி 15-ஆம் பிரிவைக் காட்டும் நாம், பொதுக் குளத்திலும் பொதுச் சாலையிலும் மற்றொருவர் பிள்ளையைத் தடுப்போமாயின், அதே பிரிவு நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். உரிமை என்பது பங்கிட்டாற் குறையும் பொருள் அன்று. பிறர்க்கு மறுத்தாற் குறையும் பொருள்.

ஆகலின், சங்கத்தார் ஆராய்ந்து ஏற்றற்பொருட்டு மூன்று செய்திகளை முன்வைக்கின்றோம். முதலாவது, ஒவ்வோர் ஊரிலும் படிப்பை இடைவிட்ட பிள்ளைகளின் கணக்கை நம் கிளைகள் எடுத்து, பள்ளி திறக்கும் மாதத்தில் அவர்தம் இல்லங்கட்குச் செல்லுதல் வேண்டும். இரண்டாவது, சங்கத்தின் கல்வி உதவிப் பணத்திற் பெரும்பகுதியைக் கல்லூரி மாணவர்க்கே அளிக்கும் வழக்கத்தைச் சிறிது மாற்றி, ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நின்றுவிடும் நிலையிலுள்ள பிள்ளைகட்கும், அவருள்ளும் பெண்பிள்ளைகட்கும் முதலிடம் தருதல் வேண்டும். மூன்றாவது, சங்கத்து உறுப்பினர் எவரும் தம் கடையிலோ, வீட்டிலோ, பட்டறையிலோ எச்சாதிக் குழந்தையையும் வேலைக்கு வைப்பதில்லை என்று உறுதி கொள்ளுதல் வேண்டும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் 100-க்கு ஏறத்தாழ 73 பேர். 1951-ஐ நோக்க இது பெரிய வளர்ச்சி; ஆயினும் எஞ்சி நிற்பவரும் கோடிக்கணக்கினர். சட்டம் தன் பங்கைச் செய்துவிட்டது. அரசினர் தம் பங்கைச் செய்யுமாறு கேட்டல் நம் உரிமை. நம் பங்கைக் கேளாமலே செய்தல் நம் கடமை. சங்கத்தார் இதனை மேற்கொள்வர் என்னும் நம்பிக்கையுடன் அமைகின்றோம்.